செங்கல்வராயனின் இடது கால்

எங்கண்ணன் செங்கல்வராயன் படாளம் கூட்டுரோட்டில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். ஐம்பது வயது. கல்யாணமே வேண்டாம் என்று சாதித்துவிட்ட மனுஷன். மத்தியானம் கல்லுக்கு முன்னால் நின்றால் கடை மூடும்வரை நின்றபடிதான். மூடியதும் மிஞ்சிய பரோட்டாவைச் சால்னாவில் ஊறப்போட்டு அடித்துவிட்டு அப்படியே படுப்பான். தொப்பை வராமல் என்ன செய்யும்? "இன்னாண்ணா, எத்தினி மாசம்?" என்று நான் கேட்டால், "இது உழைச்சு வளத்த தொப்பை" என்று தட்டிக் காட்டுவான்.

தொப்பையைக் காட்டியவன் காலைக் காட்டவில்லை. கத்திரி வெயிலிலும் முழுக்கால் பேண்ட். சாயங்காலமானால் இடது கால் வீங்குவதும், கெண்டைக்காலில் நரம்பு புடலங்கொடி மாதிரி சுருட்டிக்கொண்டிருப்பதும், கணுக்கால் கருத்து அரிப்பதும் எனக்குத் தெரியாது. மறைத்ததற்குக் காரணம் எங்கள் நைனா. சர்க்கரையில் அழுகி அவர் காலை முட்டிக்கு மேலே எடுத்தார்கள். அதிலிருந்து ஆஸ்பத்திரி என்றாலே அண்ணன் நடுங்குவான்.

போன ஞாயிறு மதுராந்தகத்தில் என் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தான். கை கழுவப் பின்பக்கம் போனவன் பேண்டைச் சுருட்டிக் கணுக்காலைச் சொறிந்திருக்கிறான். "ரேணு!" என்று ஒரு குரல். ஓடிப் பார்த்தால், ஐயோ, காலிலிருந்து ரத்தம் பீச்சி எதிர்ச் சுவரில் அடிக்கிறது!

எங்கள் பக்கத்தில் காலில் எது கடித்தாலும் கிழித்தாலும் முதலில் மேலே இறுக்கிக் கட்டுவோம். பாம்புக்குக் கட்டுகிற கட்டு. அவனை நாற்காலியில் உட்காரவைத்து, துண்டால் முட்டிக்குக் கீழே இறுக்கினேன். ரத்தம் இன்னும் வேகமாக வந்தது. முந்தானையைக் கிழித்து இன்னொரு கட்டுப் போட்டேன். முன்னைவிட அதிகமாக வந்தது. 108-க்குப் போன் போட்டேன்.

போனை எடுத்த பெண் எல்லாம் கேட்டுவிட்டு, "கட்டெல்லாம் அவுத்துடுங்கம்மா. படுக்க வச்சு, காலைத் தூக்கி வச்சு, ரத்தம் வர்ற எடத்துல துணிய வச்சு அழுத்துங்க" என்றாள்.

"அவுத்தா மொத்த ரத்தமும் பூடும்மா! இன்னா சொல்ற நீ?"

"நீங்க கட்டினதாலதான் ரத்தம் மேல ஏற முடியாம நிக்காம வருது. அவுருங்க."

அண்ணன் வெளுத்துப்போய், "ஆஸ்பத்திரி வேணாம் ரேணு, காலை எடுத்துடுவானுங்க" என்று முனகிக்கொண்டிருந்தான். முடிச்சில் விரல் வைத்தபோது, என் கையாலேயே அவனைக் கொல்லப்போகிறேன் என்றுதான் நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு அவிழ்த்தேன். தரையில் கிடத்தி, காலை நாற்காலிமேல் தூக்கி வைத்து அழுத்தினேன். மெல்ல மெல்ல ரத்தம் நின்றது. வண்டி வரும்வரை நான் கையை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா டேப்பை எடுத்து அவன் வயிற்றைச் சுற்றி அளந்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கால்ல நோவுன்னா வயித்த அளக்கறீங்களே!"

"காலுக்குப் போன ரத்தம் மேல ஏறணும்மா. நரம்புல வால்வு கெட்டுப்போச்சு, நாள் முழுக்க நிக்கறாரு. அதுக்கு மேல இந்தத் தொப்பையும் அழுத்துது. தொப்பை பெருசாக ஆக வீக்கம், வலி, அரிப்பு எல்லாம் கூடும்" என்றார். சர்க்கரை இல்லையாம். நரம்புக்கு வைத்தியம் உண்டு, காலுக்கு இறுக்கமான சாக்ஸ் போட வேண்டும், வயிற்றைக் குறைக்க வேண்டும்.

"காலை எடுக்க மாட்டீங்களா?" என்று அண்ணன் திரும்பத் திரும்பக் கேட்டான். மாட்டோம் என்று அவர் சொல்லிவிட்டுப் போனதும் உடைந்து அழுதான்.

"போன மாசமும் இப்டித்தான் பீச்சிச்சு ரேணு. ரூம்ல தனியா கீறேன். நைனா மாதிரி ஒத்தக் காலோட கெடக்கறதுக்கு இப்டியே பூடலாம்னு படுத்துகினேன். அதுவா நின்னுகிச்சு."

சாகலாம் என்று படுத்தானாம். படுத்ததால்தான் ரத்தம் நின்றிருக்கிறது. வார்டே திரும்பிப் பார்க்க அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். விடப் பயமாக இருந்தது.