சீந்தக் கூடாத பீப்பாய்கள்

நிலவறைக்குள் நுழைந்ததும் சொலாஞ்ச் அம்மாள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். பீப்பாய் வரிசைகளுக்கு நடுவே கம்பளிக் காலுறையோடு நடப்பார். பின்னால் வருகிறவன் தும்மினால் தொலைந்தான். "தட்டாதே, சாயாதே, வாயை மூடு. சும்மா விடுறதுதான் இதுங்களுக்குச் சாப்பாடு." சோதனைக்கு வந்த அதிகாரியையும் இப்படித்தான் அதட்டினார். பாவம், அந்த மனுஷர் தொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

ஜூரா மலையடிவாரத்தில் மஞ்சள் ஒயின் செய்கிற வீடுகளில் அவருடையது சின்னது. பீப்பாயில் ஊற்றி மூடினால் ஆறு வருஷத்துக்கு அதைச் சீந்தக் கூடாது. உள்ளே ஒயின் வற்றிக்கொண்டே போகும். ஆறின பாலில் படிவது போல மேலே ஏடு படியும். வேலையெல்லாம் அந்த ஏட்டுக்குக் கீழேதான். முதல் மடக்கு நாக்கைச் சுருட்டி இழுக்கும், அப்புறம் அக்ரூட், கடைசியில் வறுத்த வெந்தய வாசனை. புதிதாகக் குடிக்கிறவர்கள் கெட்டுப்போயிற்று என்று முகம் சுளிப்பார்கள். "சுளிக்கட்டுமே, எனக்கு ஒரு கிளாஸ் மிச்சம்" என்பார் அம்மாள்.

மருமகன் ரெமி பர்கண்டி என்கிற இன்னொரு ஒயின் சீமைக்காரன். அங்கே பீப்பாய் ஒரு விரற்கடை குறைந்தாலும் மானக்கேடு. நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கல்யாணமான கையோடு மாமியார் வீட்டிலேயே தங்கிவிட்டான். அம்மாளுக்கு ஒரே மகள், அவளும் அவனும் கிளம்பிவிட்டால் அந்தத் தோட்டத்துக்கு நாதியில்லை. ஒரு கோடையில் அம்மாள் முழங்கால் ஆபரேஷனுக்குப் படுத்திருந்தபோது, நிலவறையில் பீப்பாய் மூடிகளைத் திறந்து பார்த்தான், எல்லாம் அரைகுறையாகக் கிடந்தன. மஞ்சள் ஒயின் சங்கதி காதில் விழாமல் இல்லை. ஆனால் இவ்வளவா வற்றும்? மாமியார் முடியாமல் விட்டுவிட்டார் என்றே நினைத்தான்.

"அத்தை, கவலையை விடுங்க! பழைய வரிசை பூரா புது ஒயின் ஊத்தி வாய் வரைக்கும் நிரப்பிட்டேன்!" ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிற வண்டியில் பெருமையாகச் சொன்னான்.

"நிரப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார் அம்மாள்.

அது அடுத்த பிப்ரவரியில், ஊர் கூடி மஞ்சள் ஒயினைத் திறக்கிற திருவிழாவுக்கு வைத்திருந்த வரிசை. ஏடு அத்தனையும் மூழ்கிப்போயிற்று, இனி அது மஞ்சள் ஒயின் ஆகாது. அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை. உப்பு வேண்டுமென்றாலும் மகளிடம்தான் கேட்பார். அவனும் எத்தனை நாள் பொறுப்பான்? திருவிழா முடிந்ததும் மனைவியோடு சொந்த ஊருக்கே போய்விடுவது என்று பெட்டியைக் கட்டிவிட்டான். அம்மாள் அதைப் பார்த்தார். போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவு ரோஷம்!

திருவிழாவன்று ஊரே ஒரு பந்தலில் சாப்பிட்டது. எல்லா வீட்டு மஞ்சள் ஒயினும் வந்திருந்தது, அவர் வீட்டைத் தவிர. அவர் மேஜையில் இருந்தது அந்த நிரப்பின ஒயின்தான்; மஞ்சளிலும் சேராது, மற்றதிலும் சேராது.

பக்கத்துத் தோட்டத்துக் கஸ்பார் கோழிக்காலைக் கடித்துக்கொண்டே ஆரம்பித்தான். "என்ன சொலாஞ்ச், உன் மாப்பிள்ளையை அடுத்து நம்ம ஊர்க் குளத்தை நிரப்பச் சொல்லேன்!"

பந்தலே சிரித்தது. ரெமி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"உக்காருங்க மாப்பிள்ளை." அம்மாளின் குரல் கேட்டு மகளே திகைத்துப்போனாள். "டேய் கஸ்பார், பீப்பாய் பட்டினி கிடக்குதேன்னு அவருக்கு மனசு கேக்கல, ஊத்திட்டாரு. உனக்கு அந்த மனசு என்னிக்காவது இருந்திருக்கா?"

கஸ்பார் மறுபடி கோழிக்காலைக் கடிக்கத் தொடங்கினான். அம்மாள் புட்டியை எடுத்து, எந்த விருந்திலும் கால் கிளாஸுக்கு மேல் ஊற்றாத கையால், ரெமியின் கிளாஸை விளிம்பு தளும்பும்வரை நிரப்பினார். தூக்கினால் சிந்திவிடும். அவன் மேஜை மேல் குனிந்து உறிஞ்சினான். முன்னால் தொங்கிய அவன் கழுத்துத் துணியின் நுனி ஒயினில் நனையாமல் அம்மாள் பிடித்துக்கொண்டார்.