கோட்டைக் கதவைத் திறக்கச் சொன்னவள்

இதை எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாகப் பல வருஷம் போய்விட்டது. நான் அதிகம் படித்தவனில்லை. ஐ.டி.ஐ. முடித்தவன். நர்ஸ் வேலைக்கு வந்த மனைவியின் விசாவோடு டெக்ஸஸ் வந்து, இர்விங்கில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறேன். எழுதினால் அவள் மனசு இன்னும் நோகுமோ என்று பயந்தேன். நான் எழுதாததால் யாரும் பேசாமல் இருந்துவிடவில்லை. அதனால் ஆண்டவர் துணையோடு நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஜெபக்குழு யாராவது ஒருவர் வீட்டில் கூடும். சிலுவைப்பாதை சொல்லி, கஞ்சியும் பச்சைப்பயறும் சாப்பிட்டு, பிறகு டி.வி.யில் ஒரு புனிதர் படம் பார்ப்போம். அந்த வாரம் எங்கள் வீடு. படத்தைத் தேடி எடுத்தவர் குழுவை நடத்துகிற அண்ணன். பக்கத்து ஊர் காப்பெலில் பெரிய வீடு, பெரிய வேலை. இருந்தாலும் குழுவுக்காக ஓடி ஓடி உழைப்பவர். அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை என்று சொல்ல ஆசைதான். முழுசாக முடியவில்லை.

படத்தின் முகப்பில் வெள்ளை அங்கியில் ஒரு பெண். கையில் மெழுகுவர்த்தி, பின்னால் சுவரில் சிலுவை, கண் இரண்டும் மேலே பார்த்தபடி. "இத்தாலிப் படம். ஏதோ புனிதை வரலாறு," என்றார் அண்ணன். யாரும் சந்தேகப்படவில்லை. இத்தாலி என்றால் எங்களுக்கு ரோமாபுரியும் பாப்பரசரும்தான்.

பழைய கறுப்பு வெள்ளைப் படம். கீழே ஓடிய ஆங்கில எழுத்து, படித்து முடிப்பதற்குள் மறைந்துகொண்டே இருந்தது. அதனால் அண்ணன்தான் எங்களுக்கு விளக்கம்.

"கல்யாணம் வேணாம்னு கோட்டையில தனியா தவம் இருக்காங்க, பாருங்க."

மெழுகுவர்த்தி தானாக அணைந்தது. கல்லறை மூடி நகர்ந்தது. "புதுமை நடக்குது," என்றார்.

"புனிதைக்கு எதுக்குண்ணே இவ்ளோ கண்மை?" என்று பயறுக் கிண்ணத்தோடு நின்ற என் மனைவி கேட்டாள். கூடமே சிரித்தது. அப்போது ஏழாம் வகுப்பில் இருந்த மகள், "அப்பா, திஸ் இஸ் எ ஹாரர் மூவி," என்றாள்.

"சும்மா இரும்மா. கடைசியில மனந்திரும்புவாங்க," என்றார் அண்ணன்.

அதற்குள் பேய்ப் படம் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஆனால் நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனசில்லை.

கோட்டைக்குச் சொந்தக்காரி செத்துப்போய் அடக்கமும் ஆகிவிட்டது. அவள் எழுந்து நடந்து, தன் வீட்டுக்கே வந்து கதவைத் தட்டுகிறாள். உள்ளே இருப்பவர்கள் அவளுடைய சொந்தங்கள். கதவுக்கு மேசையை முட்டுக் கொடுத்து, ஆண்டவர் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தைக் கதவுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவள் தட்டுகிறாள். ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக் கூப்பிடுகிறாள்.

"திறங்களேன். அவ வீடுதானே அது," என்றாள் என் மனைவி.

மறுபடியும் வேடிக்கை பண்ணுகிறாள் என்று சிரித்தார்கள். "எவ்ளோ நேரமாத் தட்டுறா. திறந்து விடுங்க," என்றாள். இப்போது குரல் உடைந்திருந்தது. கிண்ணத்தை வைத்துவிட்டுப் போய் எங்கள் வாசல் கதவை முழுக்கத் திறந்தாள். வெளியே பொழுது இன்னும் சாயவில்லை, நல்ல வெயில். எதிர்வீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு அவள் அழுத அழுகையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

குழுவில் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மாமியார் திண்டுக்கல்லில் இருந்தார். மகள் வீட்டை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். விசா கிடைக்கவில்லை. மறுபடி கேட்டும் கிடைக்கவில்லை. "நா பாட்டுக்கு வந்து கதவத் தட்டுறேன். தொறக்காமயா போயிருவ?" என்று போனில் சிரிப்பார். அந்த வருஷம் பொங்கல் முடிந்து இறந்துபோனார். எங்கள் பேப்பர்கள் பாதியில் நின்ற நேரம். ஊருக்குப் போனால் திரும்பி வர முடியுமா தெரியாது. அடக்கத்தை என் மனைவி போனில்தான் பார்த்தாள். மண் போடும்போது லைன் கட்டாகிவிட்டது. அவள் அழவில்லை. மறுநாள் டியூட்டிக்குப் போனாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் அண்ணன் பாடுபட்ட சுரூபமும் தீர்த்தமுமாக எங்கள் வீட்டுக்கு வந்தார். "தங்கச்சிகிட்ட ஒரு கெட்ட ஆவியோட கட்டு இருக்கு. ஜெபிச்சு உடைக்கணும்."

"அண்ணே, அது அவங்கம்மா நெனப்பு," என்றேன்.

"அம்மா மாதிரிதான் தம்பி வரும் அது."

சுரூபத்தை அவள் முகத்துக்கு நேராக நீட்டினார். படத்தில் பிடித்தார்களே, அதே மாதிரி. அவள் "குடுங்கண்ணே," என்று இரண்டு கையையும் நீட்டி வாங்கினாள். ஆண்டவர் பாதத்தில் உதடு வைத்து முத்தி செய்து, அவங்கம்மா படத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

"இதக் காட்டி யாரையும் வெரட்டாதீங்கண்ணே. அவரு வெரட்டுறவரில்ல."

சாயந்திரம் குழுவின் வாட்ஸ்அப்பில் ஜெப உதவி கேட்டு ஒரு செய்தி வந்தது. சிலுவையைக் கண்டதும் ஒரு சகோதரி அதைப் பிடுங்கினாளாம். அங்கிருந்து அது ஹூஸ்டன் போய், நியூ ஜெர்சி போனது. போகிற வழியில் அந்தச் செய்தியில் கதவு தானாகத் திறந்தது. அவளுக்கு ஆண் குரல் வந்தது. அங்கே பிரிட்ஜ்வாட்டர் என்ற ஊரிலிருந்து முகம் தெரியாத ஒருவர் போன் பண்ணி, "வீட்டம்மாவுக்கு இப்ப தேவலையா?" என்று கேட்டார். தமிழ்ப் பூசையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளையை அதன் தாய் இழுத்துக்கொண்டாள். அதோடு அவள் தமிழ்ப் பூசைக்கு வருவதை விட்டுவிட்டாள். ஆங்கிலப் பூசையில் கடைசி பெஞ்சில் உட்காருகிறாள். மகள் இப்போது காலேஜ் போகிறாள். "லீவ் இட், பா," என்கிறாள். நானும் விட்டுத்தான் இருந்தேன்.

போன கல்லறைத் திருநாளுக்கு அவங்கம்மா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தவள் திரும்பி, "என்னங்க, நா அதப் பிடுங்கவா செஞ்சேன்?" என்று கேட்டாள்.

"நீ வாங்கின. ரெண்டு கையாலயும் வாங்கின."

"நல்லா ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டதே என்றுதான் எழுதினேன். படிக்கிறவர்கள், அந்த இன்னொரு செய்தி போன இடத்துக்கெல்லாம் இதையும் அனுப்புங்கள். அனுப்பினால் வரம் கிடைக்கும், அனுப்பாவிட்டால் கேடு வரும் என்றெல்லாம் நான் சொல்லவில்லை. ஒன்றும் கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். முக்கியமாக அந்த ஒரு வார்த்தையை மட்டும் மாற்றாதீர்கள். அவள் வாங்கினாள்.