செங்கல்வராயன் பூட்டி வைத்த சீல

ஆந்திர எல்லையில் இருக்கிற நகரியில் என் தம்பி நாகபூஷணத்துக்கு இரண்டு பெண்களுக்குப் பிறகு பிறந்தவன் செங்கல்வராயன். விசைத்தறி ரிப்பேர் வேலை. வீட்டின் பின்னறைதான் பட்டறை. உடைக்கிற தறிகளிலிருந்து போல்ட், நட்டு, வாஷர், ஸ்பிரிங் எல்லாம் மூட்டையாகக் கொண்டுவருவான். சாக்கு விரித்துக் கொட்டி, மண்ணெண்ணெயில் கழுவி, மரை தேய்ந்ததைத் தள்ளிவிட்டு, அளவு வாரியாக டப்பாக்களில் போடுவான். யாரையும் தொட விடமாட்டான். சொந்த அக்கா புருஷன் ஒரு நட்டை எடுத்துப் பார்த்தாலும், அவர் அதைக் கீழே வைக்கிறவரை அவர் கையையே பார்ப்பான். நல்ல சாமான் டிரங்குப் பெட்டியில். சாவி அரைஞாணில்.

அவன் பெண்டாட்டி மோகனப்ரியா சேலம் பக்கத்து இளம்பிள்ளைக்காரி. தெலுங்கு அரைகுறை. துருப்பிடித்த இரும்புக்கு எதற்கு இவ்வளவு காவல் என்று அவளுக்கு வந்த நாளிலிருந்தே உறுத்தல்.

போன ஐப்பசியில் அவனுக்கு ஒரு போன். பேசினது ஒரு பெண். இவன் பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, "சீல மீக்கே தீசிப் பெட்டானு. எவரிக்கீ செப்பொத்து" என்றான். உங்களுக்காகவே எடுத்து வைத்திருக்கிறேன், யாரிடமும் சொல்லாதீர்கள் என்கிற அளவுக்குக் கதவுக்கு வெளியே நின்றவளுக்குப் புரிந்துவிட்டது. சீல என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. அவள் பிறந்த ஊரில் புடவையைச் சீலை என்றுதான் சொல்வார்கள்.

நான் போனபோது வாசலில் பை கட்டி வைத்திருந்தது.

"பெரியம்மா, பெட்டியத் தொறக்கச் சொல்லுங்க. இல்லன்னா நான் எங்கண்ணன் ஊட்டுக்குப் போறேன். திரும்ப வரமாட்டேன்" என்றாள்.

"தொறடா" என்றேன்.

"முடியாது அத்த. உள்ள இன்னா கீதுன்னு தெரிஞ்சா ஊரே வந்து நிக்கும்."

"பாத்தீங்களா?" என்று பையைத் தூக்கினாள்.

எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. இவன் பெரியப்பா வேங்கடாசலம் ஒரு காலத்தில் இப்படித்தான் புத்தூரில் ஒரு குடும்பம் வைத்திருந்தார். ரத்தம் எங்கே போகும்?

அவள் தெருவில் இறங்கிய பிறகுதான் அவளைத் திரும்பக் கூப்பிட்டு, அவன் சாவியை அவிழ்த்தான். பெட்டிக்குள் எண்ணெய்த் துணியில் சுற்றி, விரல் பருமனில் இரும்புப் பின்கள். பழைய தறிக்கானவை. இப்போது கடையில் கிடைக்காது.

"இதாண்டி சீல. தெலுங்குல இந்தப் பின்னுக்கு அதான் பேரு. வடமாலபேட்டை துர்காதேவி தறி நின்னு கெடக்குது, அவங்களுக்குத்தான்."

மோகனப்ரியா நம்பவில்லை. எதிர்வீட்டுத் தெலுங்குக்காரரிடம் ஒரு பின்னைக் கொண்டுபோய்க் காட்டி, "இதுக்கு என்ன பேருங்க?" என்று கேட்டாள். அவர் கண்ணாடியைக் கூடப் போடாமல், "சீல" என்றார்.

அப்போதும் துணியைப் பிரித்து முகர்ந்து பார்த்தாள். பிறகு அவன் போனிலிருந்தே துர்காதேவியைக் கூப்பிட்டு, "ஊட்டுக்கு வாங்கக்கா, என் கையாலயே தரேன்" என்றாள். சாயங்காலம் அந்தம்மா புருஷனோடு பைக்கில் வந்து வாங்கிப் போனபிறகுதான் பை உள்ளே போனது. சாவி இப்போது அவள் இடுப்பில்.

மறுநாள் காலையில் அதே பின் கேட்டு வாசலில் நாலு தறிக்காரர்கள். செங்கல்வராயன் நேரே என் வீட்டுக்கு வந்தான்.

"அத்த, யாராண்ட சொன்ன?"

"உம் பொண்டாட்டி போட்ட கூச்சல் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டுச்சுடா. நான் வேற சொல்லணுமா?"

அவன் நம்பின மாதிரி தெரியவில்லை.