தனத்தின் கண்ணுக்குக் கீழே

மூன்று வாரமாக எனக்குக் கோபம் தணியவில்லை. இந்தப் பக்கத்தில் கொஞ்சம் சிரித்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். பக்கத்தைத் திருப்ப மட்டும் வேண்டாம்.

விஷயம் ஒரு பியூட்டி பார்லரில் ஆரம்பித்தது.

என் கணவரின் தங்கை தனலெட்சுமி. எங்களுக்குத் தனம். வயது நாற்பத்தேழு. பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு, தோப்புக்குள்ளேயே வீடு. அவள் மகள் கீர்த்தனாவுக்கு நல்ல இடம் அமைந்து நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. இன்னும் பத்தே நாள்தான். அப்போதுதான் தனம் போன் செய்தாள். அண்ணி, போட்டோவில் என் கண்ணைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது, ஏதாவது பண்ணிவிடுங்கள் என்றாள். கிளம்பித் தஞ்சாவூருக்கு வா என்றேன்.

கண் என்றால் கண் இல்லை, கண்ணுக்குக் கீழே. ஒரு வருடமாக அங்கே தோல் கறுத்து, சுருங்கி, குழி விழுந்துகொண்டே வந்தது. போன பங்குனியில் ஒரு காதுகுத்தில் பார்த்தபோது நானே கேட்டேன், என்ன தனம், கண்ணெல்லாம் இப்படி இருக்கிறதே என்று. நான் ஒருத்தியா கேட்டேன்? பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள், பரிமாறியவர்கள், கை கழுவப் போகிற வழியில் நின்றவர்கள் – ஒருவர் பாக்கியில்லை. நம் விசேஷ வீடுகளில் ‘வாங்க’ என்பதற்கு அடுத்த வார்த்தையே அதுதானே? இளைச்சிட்டீங்களே... கறுத்துட்டீங்களே... கண்ணு உள்ளே போயிடுச்சே... கேட்டுவிட்டு எல்லாரும் பாயசத்துக்குப் போய்விட்டோம்.

போகிற போக்கில் ஆளுக்கொரு வைத்தியமும் சொன்னார்கள். ஒருவர் வெள்ளரிக்காய். ஒருவர் உருளைக்கிழங்குச் சாறு. சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த தனத்தின் ஓரகத்தி, பெட்டியைத் திறந்து ஒரு க்ரீம் டப்பாவையே எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

இதில் என் பங்கும் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு முன்னால் இதே பக்கத்தில் நான் எழுதியது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். எனக்கு மாதவிடாய் நிற்கிற சமயத்தில் கண்ணுக்குக் கீழே தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்துபோனது. காலையில் பை தொங்கும், சாயங்காலம் கருவளையம் வரும். டாக்டர் சொன்னதையெல்லாம் எழுதினேன். கண்ணைக் கசக்காதீர்கள். வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரை மோதிர விரலால் ஒற்றித் தடவுங்கள். வெயிலில் போனால் சன்ஸ்கிரீன், கறுப்புக் கண்ணாடி. உப்பைக் குறையுங்கள், தூங்குங்கள். ஹார்மோன் குறையும்போது தோல் மெலிவதும் உலர்வதும் இயற்கை.

எழுதியதில் இவ்வளவும் சரிதான். இன்றைக்கும் இதையேதான் சொல்வேன். தனம் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துப் பீரோக் கண்ணாடியில் ஒட்டிவைத்திருந்தாள் என்பது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஐந்து மாதமாக ஒருநாள் தவறாமல் செய்கிறாள் என்று தெரிந்தபோது, பரவாயில்லையே, நம் எழுத்தையும் நாலு பேர் மதிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தால் இப்போது உடம்பெல்லாம் கூசுகிறது.

பார்லர் மாடியில். நடத்துகிற பர்வீனுக்கு அதிராம்பட்டினம் சொந்த ஊர். முப்பது வயதுதான் இருக்கும், கல்யாண மேக்கப்பில் கெட்டிக்காரி. தனத்தை நாற்காலியில் சாய்த்து, விளக்கைப் போட்டு, கறுப்பை மறைக்கிற க்ரீமைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள். மாடி ஏறிப் பத்து நிமிஷம் ஆகியும் தனத்துக்கு மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. மேஜையில் கிடந்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

பர்வீன் கட்டை விரலால் தனத்தின் கீழ் இமையை மெல்லக் கீழே இழுத்தாள். என்னையும் கூப்பிட்டுக் காட்டினாள். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுத்துக் கிடந்தது.

“அக்கா, மாசத்துக்கு உங்களுக்கு எத்தனை நாள் போகுது?”

தனம் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். பதினைந்து நாள், சில மாதம் இருபது நாள் என்றாள். எவ்வளவு நாளாக? ஒரு வருடத்துக்கு மேலாக.

பர்வீன் க்ரீமை மூடி வைத்துவிட்டாள். “இதுக்கு மேல நான் எதையும் பூச மாட்டேங்க. மொதல்ல கூட்டிட்டுப் போயி ரத்தம் டெஸ்ட் எடுங்க.” பிறகு என் பக்கம் திரும்பி, நீங்கள் பத்திரிகையில் எழுதுகிறவர்தானே, இதையெல்லாம் எழுத மாட்டீர்களா என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இத்தனை பேர் ஒரு வருடமாக அந்தக் கண்ணுக்குக் கீழே பார்த்தோம். இமைக்குள்ளே பார்த்தது, கறுப்பை மறைத்துப் பிழைக்கிற ஒரு பெண்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆறுகூட இல்லை. லேப்பில் ரிசல்ட்டைக் கொடுத்த பெண், பேஷண்ட் எங்கே படுத்திருக்கிறார் என்று கேட்டாள். இதோ நிற்கிறாரே என்றேன். அவள் நம்பவில்லை. நேராக ஒரு லேடி டாக்டரிடம் ஓடினோம். இன்றைக்கே அட்மிட் ஆக வேண்டும், ரத்தம் ஏற்ற வேண்டும், ஸ்கேன் பார்க்க வேண்டும், இந்த நிலையில் இன்னும் கொஞ்சம் போனால் இதயம் தாங்காது என்றார்.

அந்த டாக்டர் கேட்கக் கேட்கத்தான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. தனம் சும்மா இருக்கவில்லையாம். போன வருடமே பக்கத்து ஊர் டாக்டரிடம் போயிருக்கிறாள். அவர் மருந்துச் சீட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, நிற்கிற நேரம் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிச் சத்து மாத்திரை எழுதியிருக்கிறார். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வரிசையில் அடுத்த ஆள்!

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. நம் பெண்கள் எல்லாருக்கும் தெரிந்த, யாரும் வெளியே பேசாத அந்த மாத்திரை... தேதியைத் தள்ளிப்போடுவது. ஊரில் காப்புக் கட்டினால் போடுவாள். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தால் போடுவாள். கொழுந்தன் வீட்டுப் புதுமனை, நாத்தனார் மகள் வளைகாப்பு, ஆடி வெள்ளி. மாதத்தில் பாதி நாள் தீட்டு என்றால் பாவம் அவள்தான் என்ன செய்வாள்? எந்தக் காரியத்திலும் நிற்க முடியாதே. மருந்துக் கடையில் மாத்திரையின் பெயரைச் சொல்லக்கூடத் தேவையில்லையாம். ‘விசேஷம் இருக்குண்ணே’ என்றால் போதும், பேப்பரில் சுற்றித் தந்துவிடுவாராம். எதற்கு, எத்தனாவது தடவை என்று ஒரு கேள்வி கிடையாது. மாத்திரையை நிறுத்தியதும் மடை திறந்ததுபோலக் கொட்டும். அப்போது தோப்பு வீட்டின் பின்கட்டில் இரண்டு நாள் சுருண்டு கிடப்பாள். மூன்றாம் நாள் எழுந்து, கண்ணுக்குக் கீழே க்ரீம் தடவிக்கொள்வாள்.

தனத்தின் வீட்டுக்காரர் ராஜேந்திரன் அண்ணனைக் கூப்பிட்டோம். ஒன்றரை மணி நேரத்தில் கீர்த்தனாவையும் கூட்டிக்கொண்டு ஓடி வந்தார். நல்ல மனிதர். குடி கிடையாது, அதட்டல் கிடையாது. ஆனால் எனக்கு அவர்மேல் வந்த கோபம் இருக்கிறதே! பைக்கில் போகும்போதே அடுத்தவன் தோப்பில் ஓலை மஞ்சளாவதைப் பார்த்து, இந்த மரத்துக்கு இன்ன சத்துக் குறைச்சல் என்று சொல்லுகிறவர் அவர். பேராவூரணியிலிருந்து ஆட்கள் வந்து கூட்டிப்போய்த் தங்கள் தோப்பைக் காட்டுவார்கள். இருபத்தைந்து வருடமாகக் கூடவே இருக்கிற ஒருத்தி வெளுத்துக்கொண்டே போனது மட்டும் தெரியவில்லையா? கேட்டேன். கேட்டேவிட்டேன். அதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம், அவளும் சொல்லலை, நானும் கேட்கலை என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை.

அடுத்து அவர் தயங்கித் தயங்கிச் சொன்னதுதான் உச்சம். “பத்து நாள்ல நிச்சயம் இருக்குங்க. பொண்ணோட அம்மா ஆஸ்பத்திரில கெடக்குறாங்கன்னு தெரிஞ்சா, மாப்பிள்ளை வீட்டுல என்ன நெனைப்பாங்க?” ஊசி போட்டு இப்போதைக்கு நிறுத்திக்கொண்டு, விசேஷம் முடிந்ததும் வந்து படுத்துக்கொள்ளட்டுமா என்று டாக்டரிடம் கேட்கலாமாம்.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல், அதுதான் நல்லது என்று. தனம்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் மகள் காரியம் என்னால் கெட வேண்டாம், வாங்க போகலாம் என்றாள்.

எனக்கு வெறி பிடித்தது. ஆஸ்பத்திரி என்றும் பாராமல் கத்தினேன். உனக்குப் புத்தி இருக்கிறதா, ஒரு வருடமாக இதை என்னிடம்கூடச் சொல்லாமல் எதற்கு மறைத்தாய் என்று கேட்டேன். மறைக்கவில்லை என்றாள் அவள். சண்டை போடுகிற தொனியே இல்லை.

“நீங்கதானே அண்ணி எழுதியிருந்தீங்க... இந்த வயசுல எல்லாருக்கும் இப்படித்தான், பயப்படாதீங்கன்னு.”

எழுதியிருந்தேன். கடைசி வரியாக. வாசகிகளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, யோசிக்காமல், ஒரு அழகுக்காக. தோலைப் பற்றித்தான் எழுதினேன் என்று இப்போது வாதாடலாம். படித்தவள் ரத்தத்தையும் சேர்த்துப் படித்துவிட்டாளே? சீட்டிலிருந்து தலை நிமிராத அந்த டாக்டருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவர் வாயால் சொன்னார். நான் அச்சில் போட்டேன்.

காரியத்தை முடித்தது கீர்த்தனா. அப்பாவிடம் கேட்கவில்லை, அம்மாவிடம் கேட்கவில்லை. வராண்டாவின் ஓரத்துக்குப் போய் மாப்பிள்ளைப் பையனுக்கே போன் போட்டாள். அம்மாவுக்கு ரத்தம் ஏற்றுகிறோம், நிச்சயதார்த்தம் தள்ளிப்போகும், உங்கள் வீட்டில் சொல்லிவிடுங்கள். அவ்வளவுதான். போனை வைத்துவிட்டு வந்து அட்மிஷன் பாரத்தில் கையெழுத்துப் போட்டாள். ராஜேந்திரன் அண்ணன் தலையில் கை வைத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

மூன்று பாட்டில் ரத்தம் ஏறியது. ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டி தெரிந்தது. சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அந்த ஒரு வாரம் நாங்கள் பட்ட பாட்டை எழுதப் போவதில்லை. கெட்ட கட்டி இல்லை என்று போன திங்கட்கிழமை சொன்னார்கள். உடம்பு கொஞ்சம் தேறியதும் ஆபரேஷன்.

இப்போது அந்தப் பழைய பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை ஒட்டிக்கொள்ளுங்கள். மாதவிடாய் நிற்கிற காலத்தில் ஒழுங்கு மாறும், தள்ளிப் போகும், சீக்கிரம் வரும் – சரி. ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால், கட்டி கட்டியாகப் போனால், மணிக்கொரு தரம் நாப்கின் மாற்ற வேண்டியிருந்தால், அது ‘இப்படித்தான்’ இல்லை. ஒரு வருடம் நின்றுபோய், பிறகு ஒரு சொட்டு வந்தாலும் டாக்டரிடம் போக வேண்டும். கண்ணுக்குக் கீழே கறுப்பதற்கு வயதும் காரணமாக இருக்கலாம், தூக்கமும் இருக்கலாம், வம்சமும் இருக்கலாம். கூடவே படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, படபடக்கிறதா, எழுந்தால் தலை சுற்றுகிறதா? க்ரீம் எங்கும் ஓடிவிடாது. முதலில் ரத்தப் பரிசோதனை. டாக்டர் நிமிர்ந்து பார்க்கவில்லையென்றால் நிமிர்ந்து பார்க்கிற இன்னொரு டாக்டரிடம் போங்கள். அந்தத் தள்ளிப்போடும் மாத்திரையைக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். சாமி கோபித்துக்கொள்ளும் என்றால் என் பெயரைச் சொல்லுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

சரி... மாப்பிள்ளை வீட்டில் என்ன நினைத்தார்கள்?

தனம் டிஸ்சார்ஜ் ஆவதற்கு முந்தைய நாள் மாப்பிள்ளையின் அம்மா திருவாரூரிலிருந்து கிளம்பி வந்துவிட்டார். ஸ்கூல் டீச்சர். கை நிறைய மாதுளம்பழம், பேரீச்சம்பழம். முகத்தில் சிரிப்பே இல்லை. ராஜேந்திரன் அண்ணனுக்கு வேர்த்துவிட்டது. சம்பந்தமே போச்சு என்று அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. தனமோ கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நல்லாத்தான் இருக்கேன், நல்லாத்தான் இருக்கேன் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள்.

டீச்சர் ஆண்களைப் பார்த்து, நீங்கள் போய் டீ சாப்பிட்டு வாருங்கள் என்றார். அவர்கள் போனார்கள். எழுந்து கதவைச் சாத்தினார். கட்டில் பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் கண்ணுக்குக் கீழே பவுடர் கொஞ்சம் அதிகமாக அப்பியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

தனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு தணிந்த குரலில் கேட்டார்.

“உங்களைப் பாத்த டாக்டர் இன்னைக்கு இருப்பாங்களா? எனக்கும் எட்டு மாசமா இப்படித்தாங்க இருக்கு. வீட்டுல யாருக்கும் தெரியாது.”

பையனுக்கும் பெண்ணுக்கும் பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று ஜோசியர் சொல்லியிருந்தாராம். இரண்டு அம்மாக்களையும் பார்த்திருந்தால் பத்துக்குப் பத்து என்றிருப்பார்.