நம்பர் போன ரிவால்வர்

தேர்தல் தேதி அறிவித்ததும் எங்கள் வீட்டிலிருந்து முதலில் கிளம்புவது ரிவால்வர்தான். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ராணுவத்துக்காகச் செய்தது. போர் முடிந்து மிஞ்சியதை நைனாவின், அதாவது அப்பாவின், தாத்தா லைசென்ஸ் எடுத்து வாங்கினார். இன்று அதற்கு வேலைகள் மூன்று: வல்லத்துப் பக்கம் உள்ள எங்கள் மல்லாட்டைக் கொல்லையில் கடலையைத் தோண்ட வரும் காட்டுப்பன்றியை மிரட்டுவது, ஆயுத பூஜையில் பொட்டு வைத்துக்கொள்வது, லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்க வேண்டும் என்ற விதிப்படி தேர்தல் முடியும்வரை செஞ்சி காவல் நிலையத்தில் தங்குவது. முதல் வேலையில் இதுவரை பன்றிகளே ஜெயித்திருக்கின்றன.

போன ஆயுத பூஜைக்கு லீவில் வந்த நான், துடைக்கும் பொறுப்பை ஏற்றேன். மண்வெட்டி, கடப்பாரை, ஸ்பேனர், தையல் மெஷின், ரிவால்வர் என்று பட்டியல் போட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே உப்புத்தாளால் துரு எடுத்தேன். நைனாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

தேர்தல் வந்தது. அப்போதும் லீவில் வந்திருந்த நான் நைனாவோடு போனேன். ஸ்டேஷனில் ஏட்டு ரிவால்வரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா பெரியவரே, நம்பரைக் காணோம்? மொழுமொழுன்னு இருக்குது."

"போன எலெக்‌ஷன்ல இருந்துச்சே சார்."

"குளிப்பாட்டினீங்களா?"

நைனா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். நான் வேலை செய்வது ஒரு தொழிற்சாலையின் தரச் சோதனைப் பிரிவில். நம்பர் இல்லாத பாகத்தைத் திருப்பி அனுப்புவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

"லைசென்ஸ்ல இருக்கிற துப்பாக்கி இதுதான்னு நான் எப்படி எழுதுவேன்?" என்றார் ஏட்டு. "நம்பர் இல்லன்னா இது கேஸு. லைசென்ஸும் போய்டும்."

நைனா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு பாகம் இன்னொன்றோடு கலக்காமலிருக்கத் தொழிற்சாலைகளில் எல்லாவற்றிலும் ஒரே எண் அடிப்பது வழக்கம். "சார், குண்டு போடுற உருளையைப் பாருங்க. அங்கயும் அடிச்சிருப்பாங்க" என்றேன். அவர் திறந்தார். உருளையில் இருந்த பள்ளத்தின் ஓரத்தில், என் உப்புத்தாள் எட்டாத இடத்தில், ஏதோ கீறல்கள். படிக்க முடியவில்லை.

மேசைக்கு மேலே முருகன் படம். அதன் கீழே விபூதித் தட்டு.

"கொஞ்சம் விபூதி எடுத்துக்கட்டுமா சார்?"

"இப்ப சாமி கும்புட்டு இன்னாம்மா ஆவப்போவுது?"

கீறல்களில் விபூதியைத் தேய்த்து மேலாகத் துடைத்தேன். எண்கள் வெள்ளையாகத் தெரிந்தன. ஏட்டு லைசென்ஸோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். கடைசி எண்ணையும் பார்த்துவிட்டு ரசீது எழுதத் தொடங்கினார்.

"பெரியவரே, இனிமே பொட்டோட நிறுத்திக்கச் சொல்லுங்க."

இந்த ஆயுத பூஜைக்கு நைனாவே பட்டியல் எழுதினார். எனக்கு ஒதுக்கியிருந்தது எலுமிச்சம்பழம் மட்டும். அதன் பக்கத்தில் 'துடைக்க வேண்டாம்' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.