ஒலிபெருக்கியில் வந்த என் பெயர்

1983ஆம் ஆண்டு மே மாதம். யாழ்ப்பாண மாநகரசபைத் தேர்தல் கிட்டிக்கொண்டிருந்தது. அப்போது நான் அரியாலையில், கண்டி வீதி ஓரமாக, சைக்கிள் திருத்தும் கடை ஒன்று வைத்திருந்தேன். நாலு பேர் கூடி நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கடைக்கு வருகிறவர்களோடுகூட அவர்களுடைய சைக்கிளைப் பார்த்துக்கொண்டுதான் கதைப்பேன்.

அப்படிப்பட்ட நான் அந்தத் தேர்தலில் ஒரு வேட்பாளர். இதைச் சொன்னால் என்னைத் தெரிந்தவர்கள் இன்றைக்கும் நம்பமாட்டார்கள்.

என் கடை நின்ற காணியின் சொந்தக்காரர் ஒரு கட்சியில் முக்கியமானவர். நியமனப் பத்திரம் கொடுக்கும் நாளுக்கு முதல் நாள் கடைக்கு வந்தார். பட்டியலில் ஒரு ஆள் குறைகிறதாம். நிற்க ஒத்துக்கொண்ட ஒருவர் கடைசி நேரத்தில் மாட்டேன் என்றுவிட்டாராம். ஏன் மாட்டேன் என்றார் என்று நான் கேட்கவில்லை.

"தம்பி, நீ ஒண்டும் செய்யத் தேவையில்லை. கூட்டத்துக்கு வரவேண்டாம், மேடையிலை ஏறவேண்டாம், வாய் திறக்கவே வேண்டாம். பேர் மட்டும் இருந்தாக் காணும்" என்றார்.

வாய் திறக்கவே வேண்டாம் என்றதும் எனக்குப் பெரிய ஆறுதலாகப் போய்விட்டது. கிறீஸ் கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். வீட்டில் போய்ச் சொன்னபோது மனைவி சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"ஏலாது எண்டு ஒரு சொல்லு. அது கூடவோ உங்கடை வாயிலை வராது?" என்றாள்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் ஊருக்குத் தெரியும். தேர்தலில் யாரும் நிற்கக்கூடாது, யாரும் வாக்குப் போடக்கூடாது என்று ஆயுதம் எடுத்திருந்த இயக்கப் பொடியள் சுவர் சுவராக எழுதினார்கள். பிறகு வேறு இடத்தில் ஒரு வேட்பாளரைச் சுட்டுவிட்டார்கள் என்று கதை வந்தது. அன்றிலிருந்து யாராவது கடைக்கு முன்னால் பிறேக் பிடித்தால் என் கையில் இருக்கிற நட்டுச் சாவி நழுவும்.

ஒரு பின்னேரம் இரண்டு பேர் ஒரே சைக்கிளில் வந்தார்கள். பின் சில்லுக்குக் காற்றுப் போதாது என்றார்கள். அடித்துக் கொடுத்தேன். காசு வேண்டாம் என்றேன்; வற்புறுத்தித் தந்தான் ஒருவன். மரியாதையான பிள்ளைகள் என்று நினைத்தேன். மற்றவன் சில்லை அமுக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"அண்ணை, நாளைக்குப் பொழுதுபட முதல் தேர்தலிலை இருந்து விலகிட்டன் எண்டு சொல்லிப்போடுங்கோ. ஊர் முழுக்கக் கேக்கவேணும்."

"தம்பி, நான் சும்மா பேருக்கு…"

"தெரியும் அண்ணை. அதுதான் வந்து சொல்லுறம். எல்லாருக்கும் வந்து சொல்லுறேல்லை."

அவர்கள் போனதும் கடையைப் பூட்டிவிட்டுக் காணிக்காரர் வீட்டுக்கு ஓடினேன். படலையில் ஆமைப்பூட்டுத் தொங்கியது. முதல் நாளே குடும்பத்தோடு மெயில் ரயிலில் கொழும்புக்குப் போய்விட்டார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். விடிந்ததும் தேர்தல் கந்தோருக்குப் போனேன். நியமனம் முடிந்த பிறகு பெயரை எடுக்க முடியாது என்றார்கள். பத்திரிகையில் விளம்பரம் போடலாம் என்று பத்திரிகை அலுவலகத்துக்குப் போனால், இனி நாளைக்குத்தான் வரும் என்றார்கள். எனக்கோ நாளை என்று ஒன்று இல்லை.

வீட்டுக்கு வந்து திண்ணைக் குந்தில் இருந்தவன் எழும்பவில்லை. மனைவிதான் யோசனை சொன்னாள்.

"உங்களுக்கு வாய் இல்லாட்டி வாய் உள்ள ஆளைப் பிடியுங்கோவன்."

அவள் சொன்னது எங்கள் பகுதியில் ஒலிபெருக்கி வைத்திருந்தவரை. பழைய மொறிஸ் மைனர் காரின் கூரையில் இரண்டு ஒலிபெருக்கிகளைக் கட்டி வைத்திருப்பார். ஊரில் யார் இறந்தாலும் தெருத் தெருவாக, ஒழுங்கை ஒழுங்கையாகப் போய் அறிவிப்பது அவர்தான். நீட்டி இழுத்து, நடுவில் மூச்சு விட்டு, ஒரு மாதிரித் தழுதழுத்துச் சொல்வார். அந்தக் குரல் தூரத்தில் கேட்டாலே பெண்கள் அடுப்பைத் தணித்துவிட்டு வேலிக்கு வருவார்கள்.

முதலில் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "தம்பி, தேர்தல் கதையோடை என்னட்டை வராதை. பொடியளுக்குச் சரியாச் சொன்னா ஆமிக்குப் பிழை. ஆமிக்குச் சரியாச் சொன்னாப் பொடியளுக்குப் பிழை. என்ரை செத்த ஆக்கள்தான் எனக்கு நல்லம். அவையளாலை ஒரு கரைச்சலும் இல்லை" என்றார்.

நான் அவருடைய கார்க் கதவைப் பிடித்தபடி நின்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, ஏறு. பக்கத்திலை இரு. சனம் ஆளைப் பாக்கட்டும்" என்றார்.

மூன்று மணி வெயிலில் கார் புறப்பட்டது. முதல் ஒழுங்கையில் திரும்பியதும் அவர் மைக்கை எடுத்தார். இத்தனை வருடப் பழக்கம், வேறு மாதிரி அவருக்குத் தொடங்கத் தெரியவில்லை.

"அரியாலையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட…" என்று அதே இழுவையில் ஆரம்பித்தார். என் தகப்பன் பெயர், மனைவி பெயர், பிறகு என் பெயர். வேலிக்கு மேலால் ஒரு பெண் நெஞ்சில் கை வைப்பதைக் கண்டேன். விலகினார் என்ற சொல்லுக்கு அவர் வந்து சேர முன்பே எதிரே சிப்பாய்கள் நிறைந்த ஆமி ட்றக் ஒன்று ஒழுங்கைக்குள் திரும்பியது.

தேர்தலைக் குழப்புகிறோம் என்று ஆமி எங்களை இறக்கி ஏற்றிக்கொண்டு போனால் பிறகு யார் போய்க் கேட்பது? அவர் இழுவையை நிறுத்தவில்லை. மூச்சை இழுத்து, "…அவர்கள் காலமானார். தகனக்கிரியைகள் பற்றிப் பின்னர் அறிவிக்கப்படும்" என்று முடித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு என்னிடம், "தலையைக் குனி. அழுகிற மாதிரி இரு" என்றார்.

நான் அழுகிற மாதிரி இருக்கவில்லை. உண்மையாகவே அழுதேன். தமிழ் விளங்குகிறதோ இல்லையோ, அந்த இழுவை ஆமிக்காரனுக்கும் விளங்கும்போல. ட்றக்கில் முன்னால் இருந்தவன் காரை ஒருக்கால் பார்த்தான், என்னை ஒருக்கால் பார்த்தான். வழி விட்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் மைக்கைத் தொடவேயில்லை. "காணும் தம்பி. இண்டைக்கு இவ்வளவும் காணும்" என்று என்னை வீட்டுக்குக் கொண்டுபோனார். நான் விலகிய செய்தி ஒருவர் காதிலும் விழவில்லை. பொழுதோ சரிந்துகொண்டிருந்தது. வழி முழுக்க எனக்கு அது ஒன்றுதான் மனதில் ஓடியது.

எங்கள் ஒழுங்கை முகப்பிலேயே சனம். வளவுக்குள் நாற்பது ஐம்பது பேர் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் செத்த வீட்டுப் பந்தலுக்குத் தென்னோலைக் கிடுகு கொண்டுவந்து சாத்தியிருந்தார். கடற்கரைப் பக்கம் கலியாணம் முடித்திருந்த என் அக்கா தலைவிரி கோலமாக, செருப்பும் இல்லாமல் ஓடிவந்து முற்றத்தில் விழுந்து கிடந்தாள். என் மனைவி நடுவில் நின்று, "அவர் சாகேல்லை, காரிலைதான் போனவர், இப்ப வந்திடுவார்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளை இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டு, "பாவம், அவளுக்கு மனம் பேதலிச்சுப் போச்சு" என்று முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் காரிலிருந்து இறங்கினேன். அழுகை ஒரேயடியாக நின்றது. அக்கா எழும்பி வந்து என் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு அதே கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள்.

அப்போதுதான் அவர்களைக் கண்டேன். காற்றடிக்க வந்த அந்த இரண்டு பேரும் படலைக்குப் பக்கத்தில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார்கள். அவர்களும் என்னைச் செத்த ஆள் என்று பார்க்க வந்தவர்களோ, வேறு எதற்காக வந்தவர்களோ தெரியாது. ஒருவன் மேற்கே வானத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

இனி எனக்காகச் சொல்ல ஒருவரும் இல்லை. ஒலிபெருக்கிக்காரர் காருக்குள்ளேயே இருந்துவிட்டார். கிடுகுக் கட்டைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தேன். முதலில் காற்றுத்தான் வந்தது.

"நான் சாகேல்லை" என்றேன். "நான் தேர்தலிலை இருந்து விலகிட்டன். இனி எனக்கும் அதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. எல்லாரும் இதை மற்ற ஆக்களுக்கும் சொல்லிவிடுங்கோ."

கிடுகு கொண்டுவந்த பக்கத்து வீட்டுக்காரர், "அட, உதைச் சொல்லுறதுக்கோ என்னைக் கிடுகு சுமக்க வைச்சனி?" என்றார். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரித்துக்கொண்டே மறுபடி அழுதாள். நான் படலைப் பக்கம் பார்த்தபோது சைக்கிளைக் காணவில்லை. ஒழுங்கையில் அது போகும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தம் முற்றாக மறையும்வரை நான் கட்டைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

தேர்தலன்று பக்கத்துப் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடி வெறிச்சோடிக் கிடந்தது. நான் வீட்டுக்குள்ளேயே இருந்தேன். எத்தனை பேர் போட்டார்கள், யார் வென்றார்கள் என்று விசாரிக்கவும் இல்லை. இரண்டு மாதத்தில் நாட்டில் வெடித்த இனக்கலவரத்துக்கு முன்னால் அந்தத் தேர்தலை எல்லாரும் மறந்துபோனார்கள். காணிக்காரர் திரும்பி வந்தபோது தலையை ஆட்டினார், நானும் ஆட்டினேன், அவ்வளவுதான்.

இப்போது அதெல்லாம் நடந்து நாற்பது வருடம் தாண்டிவிட்டது. நாலு பேருக்கு முன்னால் இன்னமும் நாக்கு ஒட்டத்தான் செய்கிறது. நில் என்று ஒருவர் சொன்னார், நின்றேன். விலகு என்று ஒருவன் சொன்னான், விலகினேன். இரண்டிலும் என் விருப்பம் என்ன என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் என்னிடம் ஒன்றுமே கேட்காமல், நான் உயிரோடு இருந்துவிட மாட்டேனா என்ற ஒரே நினைப்போடு ஓடிவந்து அந்த முற்றத்தில் நின்ற ஐம்பது பேரின் முகம் இருக்கிறதே, எனக்கு யாராவது எப்போதாவது வாக்களித்தார்கள் என்றால் அது அவர்கள்தான் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.