பின்னால் நின்ற வெர்லின்

கெண்ட்ரா ஹூக்ஸ்ட்ராவின் கார் அதுவரை ஓடிய ஓட்டத்துக்கு நிலாவைத் தொட்டுவிட்டுத் திரும்பும் வழியில் பாதி தூரம் வந்திருக்கும். பின் கதவைத் திறக்க ஓர் உதை, மூட இரண்டு உதை. மார்ச்சில் ஃப்ளோரிடாவில் கிளம்பினால் அக்டோபர் வரை அதுதான் அவளுக்கு வீடு, சமையலறை, துணி காயவைக்கும் கொடி. பெண்கள் கோல்ஃபில் தொலைக்காட்சியில் வரும் பெரிய சுற்று ஒன்று உண்டு. கெண்ட்ரா ஆடும் சுற்று அதற்குக் கீழே உள்ளது. வாரம் ஓர் ஊர், யாரோ ஒருவர் வீட்டில் படுக்கை. சீசன் முடியும்போது பட்டியலில் முதல் பத்துப் பேர் மேலே போவார்கள். மற்றவர்கள் மறுபடி மார்ச்சில் கார் கதவை உதைக்க வேண்டியதுதான். கெண்ட்ரா பதினோரு வருடமாக உதைத்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து இருக்கையில் அப்பா வெர்லின். அயோவாவில் தானியக் கிடங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவள் சிறுமியாக மட்டை பிடித்த நாளிலிருந்து அவளுக்குப் பை சுமப்பது அவர்தான். காற்றைப் படிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒருமுறை கான்சஸ் காற்று அவள் அடித்த பந்தைத் தூக்கிக்கொண்டு போய், தேவாலய கோபுரத்தை ஒரு சுற்று சுற்றி, அவள் பைக்குள்ளேயே கொண்டுவந்து போட்டது. “பெரிய மட்டை எடுன்னேன், கேட்டியா?” என்றார் வெர்லின். நம்பாதவர்கள் கான்சஸ் போய் நின்று பார்க்கட்டும்.

இந்த சீசனில்தான் அவர் மாறிப்போனார். மிஷிகனில் ஐஸ் பெட்டியில் பந்துகளும் பந்துப் பையில் கடலை வெண்ணெய் ரொட்டியும் இருந்தன. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஒஹையோவில் அதே மாதிரி நடந்தபோது அவள் மட்டும் சிரித்தாள். இண்டியானாவில் இருவருமே சிரிக்கவில்லை.

கடைசிப் போட்டி ஆர்கன்சாவில். வருடா வருடம் அவர்களுக்கு இடம் கொடுக்கும் ட்ரூடி, வாணலியில் பன்றி இறைச்சியைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்.

“ஏன்டி, பத்துக்குள்ள வந்துருவியா?”

“இப்ப ஒன்பதாவது இருக்கேன்க்கா. இந்த வாரம் சறுக்காம இருக்கணும்.”

“அப்போ பை தூக்க வேற ஆளப் பாரு. காலையில அவரு என் நாயைப் பாத்து ‘வாங்க, உக்காருங்க’ன்னாரு. நாயும் உக்காந்துச்சு, அது வேற விஷயம்.”

“அப்பா இல்லாம நான் நேரா நிக்கக்கூட மாட்டேன்க்கா.”

“நீ நிக்கிறதுக்குத்தான் சொல்றேன், கண்ணு.”

கெண்ட்ரா சொன்னது உண்மைதான். சிறு வயதிலிருந்தே, அவள் அடிக்க நிற்கும்போது வெர்லின் அவளுக்குப் பின்னால், பந்துக்கும் கொடிக்கும் நேர்கோட்டில் நின்று பார்ப்பார். குறி சரியாக இருந்தால் “ம்” என்பார். அந்த ஒரு “ம்” கேட்ட பிறகுதான் அவள் தோள் இறங்கும். சில வருடங்களுக்கு முன் அதற்குத் தடை வந்துவிட்டது. வீராங்கனை அடிக்க நிலையெடுத்த பிறகு பை சுமப்பவர் பின்னால் நேராக நிற்கக் கூடாது. நின்றால் அவள் விலகி, அவரை நகர்த்திவிட்டு மறுபடி நிற்கலாம். அப்படியே அடித்தால் தண்டமாக இரண்டு அடி கணக்கில் கூடும்.

இந்தக் கோடையில் வெர்லினுக்கு அந்த விதி மறந்துபோயிற்று. பழைய பழக்கம் மட்டும் மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான்காவது குழியில் அவர் வந்து பின்னால் நின்றார். கெண்ட்ரா விலகினாள். “அப்பா, தள்ளி நில்லுப்பா.” அவர் தள்ளி நின்றார். பதினோராவது குழியில் மறுபடி. இந்த முறை அவள் சொன்னபோது, கயிற்றுக்கு அப்பால் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வெர்லின் முகம் சிவந்துபோயிற்று.

“நான் முன்னாடியும் இப்படி நின்னேனாம்மா?”

“இல்லப்பா. இதான் முதல் தடவை.”

“என்னைத் திட்டாத, என்ன?”

“யாருப்பா உன்னைத் திட்டுனா?”

கடைசிக் குழி. நான்கு அடியில் முடித்தால் பத்தாவது இடம் அவளுக்கு. ஐந்தானால் இல்லை. முதல் அடி நல்ல புல்லில் விழுந்திருந்தது. வெர்லின் கொஞ்சம் புல்லைப் பிய்த்துப் பறக்கவிட்டார். “வலப்பக்கக் காத்து. ஆறாம் நம்பர்.” சரியாகச் சொன்னார். அவள் மட்டையை வாங்கிக்கொண்டு நிலையெடுத்தாள்.

பின்னால் அப்பா எப்போதும் சப்பும் பெப்பர்மின்ட்டின் வாசனை வந்தது. திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. அவர் எங்கே நிற்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

“ம்” என்றார் வெர்லின்.

எத்தனை வருடம் கழித்துக் கேட்கிறாள்! விலகி நிற்கலாம். விலகினால் இந்த முறை பார்க்கக் குழியைச் சுற்றி ஊரே உட்கார்ந்திருக்கிறது. மறுபடி அவர் கேட்பார், முன்னாடியும் இப்படி நின்றேனா என்று. அடுத்த மார்ச்சில் அவருக்கு இந்த “ம்” நினைவிருக்குமா?

தோள் தானாக இறங்கியது. அடித்தாள்.

பந்து வளைந்து போய்க் கொடிக்குப் பக்கத்தில் பூனைபோல் படுத்துக்கொண்டது. ஊரே எழுந்து கை தட்டியது. வெர்லின் தொப்பியைக் கழற்றி எல்லாருக்கும் ஆட்டினார். அவள் அதை ஒரே தட்டில் குழியில் போட்டாள். மூன்று அடி.

அவளுடன் ஆடிய கேண்டஸ், அவளுடைய அடிகளைக் குறித்துவந்த ஆட்ட அட்டையை நீட்டினாள். இருபத்திரண்டு வயது, வாய்த்துடுக்குக்காரி.

“மூணுன்னு போட்டுட்டேன்க்கா. கையெழுத்துப் போடு, கொண்டாடலாம்.”

“அஞ்சு போடு.”

கேண்டஸ் குரலைத் தாழ்த்தினாள். “நான் ஒண்ணும் பாக்கல. மூக்கு சிந்திக்கிட்டிருந்தேன். யாரும் பாக்கல.”

“அவரு நின்னாருடி. தெரிஞ்சேதான் அடிச்சேன்.”

“லூசாக்கா நீ?”

“அஞ்சு போடும்மா.”

விதி அதிகாரி வந்து கேட்டார். பிறகு தலையசைத்தார். பத்தாவது இடம் வேறொரு பெண்ணுக்குப் போயிற்று. கூடாரத்தில் அவளைத் தூக்கிவைத்து எல்லாரும் கூத்தாடினார்கள். கெண்ட்ராவும் போய் அவளைக் கட்டிப்பிடித்துவிட்டு வந்தாள்.

ட்ரூடி வழிக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். பின் கதவைத் தானே இரண்டு முறை உதைத்து மூடினாள்.

கார் மிசௌரி எல்லையைத் தாண்டியது.

“அந்தக் கடைசி அடி நேராப் போச்சுல்ல?” என்றார் வெர்லின்.

“நூல் புடிச்ச மாதிரி போச்சுப்பா.”

“நான்தான பின்னாடி நின்னு பாத்தேன்.”

“ஆமாப்பா. நீதான்.”

அவர் திருப்தியோடு ஒரு பெப்பர்மின்ட்டைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார். இன்னொன்றை அவளிடம் நீட்டினார்.

“அடுத்த வாரம் எந்த ஊரு?”

சாலை கொஞ்ச நேரம் மங்கலாகத் தெரிந்தது அவளுக்கு.

“வீட்டுக்குப்பா.”

வெர்லின் கார் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டிக் காற்றைப் பிடித்துப் பார்த்தார்.

“எதிர்க்காத்து. பெரிய மட்டை எடுத்துக்கோ” என்றார்.